இரும்புக் குண்டும் இளைப்பாறலும்

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்களுள் பெரும்பாலோர் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்கள். காலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரம். மாலையில் மீண்டும் ஒரு மணி நேரம். இடையில் எட்டு மணி நேரம் மேஜைமுன் குனிந்திருத்தல். இவ்விதம் சில ஆண்டுகள் சென்றபின் கழுத்து வலியும் இடுப்பு வலியும் அழையாத விருந்தினராக வந்து தங்கிவிடுகின்றன. விடுமுறையில் ஊருக்குச் சென்றால், "என்னப்பா, இப்படித் தளர்ந்து போய்விட்டாயே!" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். திரும்பி வந்ததும், இனியேனும் தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்ற தீர்மானம் பிறக்கிறது. இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் பெரிய சாதனங்களுக்கு இடம் ஏது? அப்போதுதான் கடையில் 'கெட்டில்பெல்' என்னும் இரும்புக் குண்டு கண்ணில் படுகிறது. உருண்டையான குண்டு, அதன்மேல் வளைந்த தடித்த கைப்பிடி, வீட்டில் ஒரு மூலையில் அடங்கிவிடும். வாங்கி வந்தாயிற்று.

அதற்குப் பின்னர் நடப்பதும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றேதான். முதல் நாள் ஐம்பது முறை வீசிப் பார்க்கிறார், உற்சாகமாக இருக்கிறது. மறுநாள் நூறு. அதற்கு அடுத்த நாள் உடம்பு வலித்தாலும் விடாமல் நூற்றைம்பது. 'வலி இருந்தால்தான் பலம் ஏறும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் நாள் காலையில் தண்ணீர் வாளியை எடுக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். குண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேருகிறது. "அது நமக்கு ஒத்துவராது" என்பது வீட்டாரின் தீர்ப்பு.

குற்றம் குண்டினுடையதா? அன்று. அந்த மனிதருக்கு உறுதி இல்லையா? அதுவும் அன்று, உறுதி சற்று அதிகமாகவே இருந்தது. அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று: இளைப்பாறல். வேலையின் அளவும் வேகமும் எவ்வளவு, அதற்குப் பின்னர் உடலுக்குத் தர வேண்டிய அவகாசம் எவ்வளவு என்ற இரண்டையும் அறிந்துகொண்டால் இச்சாதனம் நாற்பது வயதினருக்கும் ஐம்பது வயதினருக்கும் கூட நல்ல துணையாகும். அறியாவிட்டால் இருபது வயதினரையும் படுக்கையில் கிடத்திவிடும். இக்கட்டுரையில் அக்கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் இச்சாதனத்தின் பிறப்பிடம். ருஷ்யாவில் இதற்கு 'கிர்யா' என்று பெயர். தானியம் முதலிய பண்டங்களை நிறுக்கும் எடைக்கற்களாகவே இவை வழங்கி வந்தன. பழைய ருஷ்ய நிறுத்தலளவையில் 'புட்' என்பது நாற்பது ருஷ்ய இராத்தல்; அதாவது சுமார் 16.4 கிலோ. இன்றும் இக்குண்டுகள் 16, 24, 32 கிலோ என்ற வரிசையில் வழங்குவதற்குக் காரணம், அவை முறையே ஒரு புட், ஒன்றரைப் புட், இரண்டு புட் என்பதுதான். சந்தையில் எடைக்கல்லாக இருந்ததை வாலிபர்கள் ஓய்வு நேரத்தில் தூக்கிப் பார்த்தார்கள், விளையாட்டு பிறந்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்ற மருத்துவர் 1885-ல் பளு தூக்குவோருக்காக ஒரு பயிற்சிக் கழகம் தொடங்கினார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மல்லர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் அவரிடம் பயிற்சி பெற்றவர். அவர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 1968-ல் மறைந்தார். சோவியத் ஆட்சிக் காலத்தில் 1948-ல் மாஸ்கோவில் நாடு தழுவிய போட்டி நடந்தது. விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டு 1985-ல் லிபெட்ஸ்க் நகரில் முதல் சோவியத் சாம்பியன் போட்டி நடைபெற்றது. பின்னர் இந்த விளையாட்டுக்குப் பத்து நிமிஷம் என்ற கால வரம்பு ஏற்பட்டது.

நம் நாட்டிலும் கனமான பொருளைச் சுழற்றிப் பலம் பெறும் வழக்கம் பழமையானதே. தமிழ்நாட்டுச் சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டையைக் கண்டவர்கள், காசியின் அக்காடாக்களில் மல்லர்கள் கதையையும் ஜோடிக் கட்டைகளையும் சுழற்றுவதைக் கண்டால் இது நமக்குப் பழக்கமானதாயிற்றே என்று எண்ணுவார்கள். இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு: கனம் கைக்குள் அடங்கியிராமல் கைக்கு வெளியே தள்ளி நிற்கிறது. ஆகவே அது வீச்சில் விசை பெற்று உடலை இழுக்கிறது. அந்த இழுப்பைத் தடுத்து நிறுத்துவதுதான் பயிற்சி. வடநாட்டு அக்காடாவைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். விடியற்காலைப் பயிற்சி முடிந்ததும் மல்லர் உடம்பு பிடித்துவிடச் செய்துகொள்கிறார், வயிறார உண்கிறார், பகலில் நன்றாக உறங்குகிறார். நாம் அவருடைய தண்டாலையும் பஸ்கியையும் எண்ணுகிறோம், உறக்கத்தை எண்ணுவதில்லை.

இனி, நிதானம் என்பதன் பொருளை அந்த ருஷ்ய விளையாட்டிலிருந்தே அறிந்துகொள்ளலாம். போட்டியாளர் பத்து நிமிஷத்தில் குண்டை எத்தனை முறை தலைக்குமேல் ஏற்றுகிறார் என்பதே கணக்கு. இடையில் குண்டைத் தரையில் வைத்தால் ஆட்டம் அத்துடன் முடிந்தது. இரண்டு குண்டுகளையும் மார்பில் தாங்கி ஏற்றும் போட்டியில், முழங்கைகளை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, கால்களை நேராக்கி, குண்டுகளின் கனத்தைத் தசைகளுக்குப் பதிலாக எலும்புகள் தாங்கும்படி நின்று மூச்சு வாங்கிக்கொள்ள இடமுண்டு. தேர்ந்தவர்கள் நிமிஷத்துக்கு இத்தனை என்று முன்கூட்டியே தீர்மானித்து, முதல் நிமிஷத்திலேயே இந்த இளைப்பாறலைத் தொடங்கிவிடுகிறார்கள். களைப்பு வந்தபின் ஓய்வெடுப்பதற்கும், களைப்பு வருமுன்னரே இடையிடையே ஓய்வெடுப்பதற்கும் உள்ள வேற்றுமை அங்கே வெளிப்படையாகத் தெரியும். புதியவர் முதல் மூன்று நிமிஷத்தில் பாய்ந்து சென்று ஐந்தாம் நிமிஷத்தில் குண்டைக் கீழே வைத்துவிடுகிறார். நிமிஷத்துக்குப் பத்து என்று அமைதியாகச் சென்றவரோ பத்தாம் நிமிஷ முடிவில் நூற்றை எட்டியிருக்கிறார்.

நாம் போட்டிக்குச் செல்பவர்கள் அல்லர். எனினும் உடலின் சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து கிடைக்கிறது. அதன் கையிருப்பு மிகச் சொற்பம். அது செலவானவுடன் நிரப்பிக் கொடுப்பது கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் மற்றொரு பொருள். முழு வேகத்தில் வேலை செய்தால் இந்த இரண்டாவது கையிருப்பும் ஏறக்குறையப் பத்து விநாடிகளில் பெரிதும் குறைந்துவிடும். அதன்பின் உடல் வேறு வழிகளில் சக்தியை உண்டாக்கிக்கொள்கிறது. அவை அத்தனை விரைவானவை அல்ல. மூச்சு இரைக்கிறது, தசை எரிகிறது, வீச்சின் வேகம் தணிகிறது. வேலையை நிறுத்தினால், செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் ஏறக்குறையப் பாதி அரை நிமிஷ அளவில் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. பெரும்பகுதியும் சேர்வதற்கு மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஆகும். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் என்ற ஆங்கில விஞ்ஞானி, வேலை முடிந்த பின்னும் நாம் சிறிது நேரம் மூச்சிரைப்பதைப் 'பிராணவாயுக் கடன்' என்று 1920-களில் விளக்கினார். அவ்விளக்கத்தின் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டுவிட்டன. ஆயினும், வேலையின்போது பட்ட கடனை ஓய்வின்போதுதான் அடைக்க முடியும் என்ற அடிப்படை உண்மை மாறவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. கெட்டில்பெல்லின் முதன்மையான பயிற்சி, இரு கைகளாலும் குண்டைப் பிடித்துக் கால்களுக்கு இடையிலிருந்து மார்பு உயரம் வரை வீசுவது. பத்து வீச்சுக்கு ஏறக்குறையப் பதினைந்து முதல் இருபது விநாடி பிடிக்கும். அதாவது விரைவான சக்தி தீரும் இடத்தில் பத்தாவது வீச்சு முடிகிறது. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். குண்டைக் கீழே வைத்துவிட்டு மெல்ல நடக்க வேண்டும். உட்கார்ந்துவிடுவதைக் காட்டிலும் நடப்பது நன்று. பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரிடம் இடையில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடியும் நிலை வந்தபின்னரே அடுத்த பத்தைத் தொடங்கலாம். ஆரம்பத்தில் இதற்கு ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ ஆகும். அந்த நேரத்தை வீண் என்று எண்ணலாகாது. அடுத்த பத்து வீச்சும் முதல் பத்தைப் போலவே செம்மையாக அமைய வேண்டுமானால் அதற்குரிய விலை அதுதான்.

செம்மை என்று ஏன் வற்புறுத்துகிறோம்? வீச்சின் விசை கைகளிலிருந்து வருவதன்று. முதுகிலிருந்து வருவதும் அன்று. முதுகெலும்பை நேராக வைத்துக்கொண்டு, கதவு கீலில் திரும்புவது போல் இடுப்பு மூட்டில் மடிந்து, பிட்டத் தசைகளாலும் பின்தொடைத் தசைகளாலும் சட்டென்று நிமிர்வதால் வருவது. கை வெறும் கயிறுதான். இந்தப் பெரிய தசைகள் களைத்துவிட்டால் என்ன ஆகிறது? குண்டு நிற்பதில்லை, அது வந்துகொண்டேயிருக்கிறது. களைத்த தசையின் வேலையை, அதற்கென்று அமையாத இடுப்பு முதுகு ஏற்றுக்கொள்கிறது. முதுகு வளைகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது, குண்டு உயரம் எட்டாமல் கையால் இழுக்கப்படுகிறது. மேலே சொன்ன அன்பர் பத்தாம் நாள் வாளியை எடுக்கும்போது முதுகு பிடித்ததன் காரணம் வாளி அன்று. முந்தின நாட்களில், ஓய்வின்றி வீசிய ஒவ்வொரு ஐம்பதின் இறுதி இருபதும்தான் காரணம். ஆகையால், வீச்சின் வேகம் குறையத் தொடங்கியதும் அன்றைய வேலை முடிந்தது என்று கொள்ளுதல் வேண்டும். எண்ணிக்கை மீதம் இருந்தால் இருக்கட்டும்.

ஓய்வோடு கூடிய பயிற்சியால் பயன் குறையுமோ என்று ஐயுறுவோர் இங்கிலாந்தில் செய்யப்பட்டு 2012-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியை நினைவில் கொள்ளலாம். வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு நிமிஷம். அதில் முப்பது விநாடி வீச்சு, முப்பது விநாடி ஓய்வு. ஆறே வாரங்களில் பயிற்சி பெற்றவர்களின் உச்ச பலம் ஏறக்குறையப் பத்து சதவிகிதமும், குதிக்கும் ஆற்றல் ஏறக்குறைய இருபது சதவிகிதமும் உயர்ந்தன. அப்பயிற்சியில் வேலை நேரமும் ஓய்வு நேரமும் சரிபாதி என்பதும், வாரத்தில் ஐந்து நாட்கள் குண்டைத் தொடவேயில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. டென்மார்க்கில் 2011-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வேலையின் தன்மையால் கழுத்து, தோள், முதுகு வலி மிகுந்து காணப்படும் தொழில்களிலிருந்து நாற்பது பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம், வாரம் மூன்று முறை, சுமார் இருபது நிமிஷம் கெட்டில்பெல் பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய கழுத்து, தோள் வலியும் இடுப்பு வலியும் குறைந்தன. முதுகுத் தசைகளின் பலம் கூடியது. ஆனால் நெஞ்சின் தாங்குதிறன் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. ஆகவே இக்குண்டு ஒன்றே போதும், நடை வேண்டாம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது.

இதுவரை கூறியது ஒரு நாளைக்குள் வரும் இளைப்பாறல். நாளுக்கும் நாளுக்கும் இடையே வர வேண்டிய இளைப்பாறல் இதனினும் முக்கியமானது. பயிற்சியின்போது பலம் கூடுகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பயிற்சியின்போது பலம் குறைகிறது. முப்பது நிமிஷப் பயிற்சிக்குப் பின் நம்மால் தூக்க முடிவது, பயிற்சிக்கு முன் தூக்கியதைவிடக் குறைவே. அந்தக் குறைவை உடல் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு, மறுமுறை அதே வேலை வந்தால் தாங்குவதற்காகத் தன்னைப் பழுது பார்த்துச் சற்றே மிகைப்படக் கட்டிக்கொள்கிறது. இக்கட்டுமானம் நடப்பது ஓய்வில்தான். தசையில் புதிய புரதம் சேரும் வேகம் பயிற்சிக்குப் பின் ஒரு நாள் முதல் இரண்டு நாட்கள் வரை உயர்ந்து நிற்கிறது. அந்தக் காலம் முடியுமுன் அதே தசைகளுக்கு மீண்டும் கடும் வேலை கொடுத்தால், சுண்ணாம்பு காயாத சுவர்மேல் அடுத்த மாடியை எழுப்புவது போலாகும். உடலுக்கு நேரும் எந்தத் தாக்குதலுக்கும் முதலில் அதிர்ச்சி, பின்னர் எதிர்த்து நிற்றல், தாக்குதல் நீடித்தால் இறுதியில் ஓய்ந்துபோதல் என மூன்று நிலைகள் உண்டு என்று ஹான்ஸ் ஸெல்யே என்ற விஞ்ஞானி 1936-ல் எடுத்துரைத்தார். உடற்பயிற்சியாளர்கள் அக்கருத்தைத் தம் துறைக்கு ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், களத்தில் அவர்கள் நாள்தோறும் கண்டதும் அதுவே என்பதுதான்.

இங்கே மற்றொரு நுட்பம் உண்டு. தசை விரைவில் பலம் பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலம் பெறும். தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு. எனவே இரண்டாம் மாதத்தில், "எனக்கு இப்போது நல்ல பலம் வந்துவிட்டது" என்று தோன்றும்போது தசை மட்டுமே அவ்வாறு சொல்கிறது. முழங்கையிலும் தோளிலும் உள்ள தசைநாண்கள் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. ஆர்வம் மிகுந்தவர்களுக்கு முழங்கை வலி பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தோன்றும் தசை வலி வேறு. அது ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் அடைந்து தானே தணிந்துவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் அவ்வலி வருகிறது என்று முன்னர் சொல்லி வந்தது சரியன்று. அவ்வமிலம் சுமார் ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடும். பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் செப்பனிடும் வேலையுமே காரணம். மந்தமாகப் பரவிய தசை வலி அஞ்சத்தக்கதன்று. மூட்டில் ஓரிடத்தில் குத்தும் வலி மட்டும் நிறுத்தச் சொல்லும் கட்டளை.

கெட்டில்பெல்லுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நீண்ட இரும்புக் கம்பியில் தட்டுகளை மாட்டித் தூக்கும் முறையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று சிறிது சிறிதாகக் கூட்டலாம். இக்குண்டில் அது இயலாது. பழைய ருஷ்ய வரிசைப்படி 16 கிலோவிலிருந்து அடுத்தது 24 கிலோ. ஒரே தாவலில் ஐம்பது சதவிகிதம்! இப்போது 4 கிலோ இடைவெளியில் குண்டுகள் கிடைக்கின்றன. அப்போதும் 12-லிருந்து 16-க்குச் செல்வது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. எடை சிறிது சிறிதாக உயராதாகையால், எண்ணிக்கையும் ஓய்வு நேரமும்தான் சிறிது சிறிதாக மாற வேண்டும். இக்கருவியை நிதானமின்றிக் கையாள முடியாது என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

எனவே, உடல்நலமுள்ள ஒருவர் தொடங்குவதற்கு ஒரு திட்டம் கூறுவோம். இதற்குமுன் பயிற்சியே இல்லாத ஆண்கள் 12 கிலோவும், ஓரளவு பலமுள்ளவர்கள் 16 கிலோவும், பெண்கள் 8 கிலோவும் கொண்டு தொடங்கலாம். வீச்சின் முறையைத் தெரிந்தவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது மிகவும் நல்லது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்கள் மட்டும் பயிற்சி. முதல் இரண்டு வாரங்கள் பத்து வீச்சு கொண்ட ஐந்து சுற்றுகள், மொத்தம் ஐம்பது. மூன்றாம் வாரம் ஏழு சுற்றுகள். நான்காம் வாரம் மீண்டும் ஐந்தே சுற்றுகள்; இது பின்னடைவன்று, தசைநாண்களுக்குத் தரும் தவணை. ஐந்து, ஆறாம் வாரங்களில் எட்டுச் சுற்றுகள். ஏழாம் வாரம் பத்துச் சுற்றுகள். எட்டாம் வாரம் மறுபடியும் ஐந்து. இரண்டு மாதங்களில் ஐம்பதிலிருந்து நூறுக்கு வந்துவிட்டோம். அதன்பின் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்தி, சுற்றுகளுக்கு இடையிலுள்ள ஓய்வை ஒன்றரை நிமிஷத்திலிருந்து சிறுகச் சிறுகக் குறைத்து, ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் ஒரு சுற்று என்ற அளவுக்கு வரலாம். அதுவும் மூச்சுத் திணறாமல் இயலும்போது அடுத்த கனமான குண்டை எடுக்கலாம். அப்போதும் முதல் இரண்டு சுற்றுகள் மட்டுமே புதிய குண்டில். மற்ற எட்டும் பழைய குண்டில். ஒப்பிட்டுப் பாருங்கள்: இத்திட்டத்தின் முதல் வாரத்தில் மொத்த வீச்சு நூற்றைம்பது. நாள்தோறும் இருநூறு என்று தொடங்குபவர் அதே வாரத்தில் ஆயிரத்து நானூறு வீசியிருப்பார். ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேற்றுமையை உடல் மன்னிப்பதில்லை.

இடைப்பட்ட நாட்களில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் நடப்பதும் மூட்டுகளை மெல்ல அசைப்பதும் நன்மையே. உறக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையலாகாது. ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. இரவு வேலை பார்ப்பவர்கள் வேலை முடிந்து வந்த காலையிலேயே குண்டை எடுக்காமல், உறங்கி எழுந்தபின் எடுக்க வேண்டும். உணவில் புரதம் போதிய அளவு இருத்தல் அவசியம். பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் தேவைப்படும். சோறும் ரசமும் மட்டும் இதற்குப் போதா. பருப்பு, சுண்டல், தயிர், பால், உண்பவர்களானால் முட்டையும் மீனும் சேர்த்துக்கொள்ளலாம். அயலூரில் தனியாக இருந்து விடுதிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் இளைஞர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

நம்மவர்களுக்கென்று இரண்டொரு குறிப்புகள். டில்லி போன்ற இடங்களில் ஜனவரி மாதக் காலைக் குளிருக்குப் பழகாத உடம்பு, சூடேறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். குண்டைத் தொடுமுன் பத்து நிமிஷமாவது கை கால்களை அசைத்து உடலை வெதுவெதுப்பாக்குங்கள். அங்கேயே மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும்போது விடியற்காலையில் மட்டும் பயிற்சி செய்து, சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். இரண்டு இரவு ரயில் பயணம் செய்து வந்திறங்கிய அன்று பயிற்சியே வேண்டாம். ஊரில் மூன்று வாரம் தங்கிவிட்டதால் பலம் எல்லாம் போயிருக்குமே என்ற கவலையும் வேண்டாம். இரண்டு மூன்று வார இடைவெளியில் பலம் பெரிதும் குறைவதில்லை. விட்ட நாட்களை ஈடுகட்ட வேண்டும் என்ற அவசரம்தான் தீங்கு செய்யும். திரும்பிய முதல் வாரம் பாதி அளவும், அடுத்த வாரம் முழு அளவும் செய்தால் போதும்.

எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், முதுகெலும்புத் தட்டு விலகல் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு பளுவைத் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று மிக உயரும். ஒவ்வொரு வீச்சின் உச்சியிலும் மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், காலில் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்க. கடும் பயிற்சிக்குப் பின் தசைகள் வீங்கித் தாங்க முடியாத வலியுடன் சிறுநீர் கட்டைத் தேநீர் நிறமாகப் போனால் அது சாதாரணக் களைப்பு அன்று. தசைகள் அளவுக்கு மீறிச் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் அபாய நிலை அது. ஒரு மணி நேரமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலும் பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் மிகுதியாகச் செய்வதாலேயே இது நேர்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவு கடுமையான நிலை வருமுன்னரே உடல் பல சிறு குறிப்புகளைத் தருகிறது. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருத்தல், இரவில் உறக்கம் வராமை, பசியின்மை, காரணமற்ற எரிச்சல், நேற்று எளிதாக இருந்த குண்டு இன்று கனத்தல், கைப்பிடி நழுவுதல் ஆகிய இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்று விடுமுறை என்று கொள்ளுங்கள். ஒரு நாள் விடுமுறையால் எவரும் பலம் இழந்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களுக்குக் குறையாமல் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது. இரண்டு நாட்கள்! நாள்தோறும் இயலவில்லையே என்று ஏங்கிப் பயிற்சியையே கைவிட்டவர்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி. ஒரு மாதம் ஓடிப் பதினோரு மாதம் படுப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறையாகப் பத்து ஆண்டுகள் செய்வது எவ்வளவோ மேலானது.

கட்டிலுக்கு அடியில் உங்கள் குண்டும் கிடக்குமானால், இந்தத் திங்கட்கிழமை அதை வெளியே எடுத்துத் தூசி தட்டுங்கள். கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வீச்சு என்று எழுதும் பத்திக்குப் பக்கத்தில், எவ்வளவு ஓய்வு, முந்தின இரவு எத்தனை மணி நேர உறக்கம் என்ற இரண்டு பத்திகளையும் கோடிட்டு வையுங்கள். பத்து வீச்சு, ஐந்து சுற்று முடிந்ததும் இன்னும் ஐம்பது செய்யலாமே என்று தோன்றும். அந்த ஆசை இருக்கும்போதே குண்டைக் கீழே வைத்துவிடுங்கள். புதன்கிழமை காலையில் அதை மீண்டும் எடுப்பதற்கு உடம்பும் மனமும் ஆயத்தமாக இருக்கும்.